ஏழு மணி ஆஜர்

அந்த டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு தடவை பதில் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் யாரும் கிடையாது. "ஊசியைக் கொதிக்க வச்சாச்சா?" என்பார். ஆச்சு என்பேன். "நிச்சயமா?" என்பார். நிச்சயமாக என்பேன். அதற்குப் பிறகும் எழுந்து போய், பாத்திரத்தின் மூடியைத் தூக்கி, ஆவி வருகிறதா என்று தானே பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆனதும், "இருபது நிமிஷம் கொதிச்சுதா?" என்று மறுபடி தொடங்குவார். வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாத்தூரில் ஒரு டாக்டரிடம் ஆறு வருடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். கடல் தாண்டி வந்தும் ஊசி கொதித்ததா என்ற கேள்விக்கு மூன்று தடவை பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஷார்ஜாவிலிருந்து கிழக்கே, மலைக்குள், ரோடு முடிந்துபோகிற இடத்துக்கும் அப்பால் எங்கள் கிளினிக் இருந்தது. இரண்டு அறை, தகரக் கூரை, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு வயர்லெஸ் பெட்டி. சுற்றிலும் பேரீச்சந் தோட்டங்களோடு மலை ஜனங்களின் சின்னச் சின்ன ஊர்கள். மேற்கே நாற்பது நிமிடத்தில் மலையை உடைத்து ரோடு போடுகிறவர்களின் கேம்ப். அதில் பாதிப்பேர் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். கேம்பிலிருந்து அந்தப் பக்கமாக, இன்னும் மேற்கே ஒன்றரை மணி நேரம் போனால் இன்னொரு கிளினிக் உண்டு, அங்கேயும் ஒரு டாக்டர். ஆபரேஷன் செய்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்கள் இடத்திலிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடுகிற, வாதி என்று சொல்கிற ஆற்றுப்படுகை வழியாக, கல்லிலும் மணலிலும் லேண்ட்ரோவரை உருட்டிக்கொண்டு, நான்கு மணி நேரம்.

அவருக்கு முன்னால் அந்த இடத்துக்கு மூன்று டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் ஐந்து மாதம் இருந்தார். ஒருவர் மூன்று மாதம். மூன்றாமவர் பதினோராம் நாள் தேள் ஒன்றைச் செருப்புக்குள் பார்த்துவிட்டு, சாமான் கொண்டுவந்த லாரியிலேயே ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் கிளினிக்குகளை நடத்துகிற ஆபீஸில் யாருக்கோ மூளை வேலை செய்தது. படிப்புக் கடன் இருக்கிற டாக்டராகப் பார்த்துப் பிடித்தார்கள். அந்த மலையில் மூன்று வருடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடம் முடியும்போதும் கடனில் மூன்றில் ஒரு பங்கை ஆபீஸே நேராக ஊரில் கட்டிவிடும். சம்பளம் தனி. ஆனால் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு நாள் இடத்தில் இல்லாமல் போனாலும் அந்த வருடம் முழுதும் கணக்கில் சேராது, அந்த ஒரு வருடத்தை மறுபடி முதலிலிருந்து இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தை அவர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு தரமாவது எடுத்துப் படிப்பார். என்னையும் படிக்கச் சொல்வார்.

"எழுத்தில் அனுமதின்னா, நாம கேட்டு எழுதினாப் போதுமா, இல்ல பதில் கைக்கு வந்திருக்கணுமா?"

"பதில் வந்திருக்கணும்னுதான் தோணுது டாக்டரம்மா."

"நிச்சயமா?"

"நான் கம்பவுண்டருங்க, வக்கீல் இல்ல."

சிரிக்க மாட்டார். காகிதத்தை மடித்து உறையில் போட்டு, உறை கைப்பைக்குள் போய்விட்டதா என்று இரண்டு தரம் பார்ப்பார்.

சிரிக்கிற விஷயமாக அது அவருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியவே ஒரு வருடம் ஆயிற்று. திருச்சியில் அவர் அப்பா ரயில்வே கிளார்க். மகள் டாக்டருக்குப் படிக்க ஒரு சங்கத்தில் கடன் வாங்கினார். மகள் நான்காம் வருடம் படிக்கும்போது அப்பா செத்துப்போனார். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தவர் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பாலக்கரைக்காரர். ஜாமீனுக்காக அவர் எழுதிக்கொடுத்தது தான் குடியிருந்த வீட்டை. டாக்டரம்மாவின் சம்பளம் அம்மா வைத்தியத்துக்கும் இரண்டு தம்பிகளின் படிப்புக்கும் சரியாகப் போய்விடும். கடன் கட்டவில்லையென்றால் போகப்போவது இவர் வீடல்ல, அந்த மனுஷரின் வீடு.

மாதம் ஒரு தடவை பாலக்கரைக்காரரிடமிருந்து கடிதம் வரும். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே, தயிர் கிடைக்கிறதா என்றுதான் இருக்கும். கடன் என்ற வார்த்தையே இருக்காது. அது டாக்டரம்மாவை இன்னும் மோசமாக வாட்டியது. "ஏன் கேக்கவே மாட்டேங்கறார்? கேட்டுட்டாத் தேவலை" என்பார். கடிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததைக்கூட நான் கண்டிருக்கிறேன். ஏதாவது எழுதி அடித்திருக்கிறாரா என்று தேடினாராம்.

கேம்ப் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிச்சயமா டாக்டர்'. மாத்திரை கொடுத்துவிட்டு, "எத்தனை, எப்பப்ப, எத்தனை நாளைக்கு? சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைப்பார். பாறை உடைக்கிற ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிப்பார்கள். கேம்பில் சாயங்காலம் ஒருத்தர் முண்டாசைத் தோளில் முந்தானையாகப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடித்துக் காட்டுவார் என்றும், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள் என்றும் டைம்கீப்பர் எனக்குச் சொன்னார். டைம்கீப்பர் திருப்பத்தூர்க்காரர். கேம்பின் வருகைப் பதிவு, வயர்லெஸ், அடிபட்டவர்களை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

ஆனால் அந்தப் பரீட்சையில்தான் ஒரு நாள் ஒரு ஆள் மாட்டினார். நெஞ்சுச் சளிக்குப் பத்து நாள் மாத்திரை வாங்கிப் போனவர், அதே இருமலோடு திரும்பி வந்தார். முழுசும் சாப்பிட்டேன் என்றார். நிச்சயமா என்றார் இவர். நிச்சயமாக என்றார் அவர். மூன்றாம் தடவை கேட்டபோது அந்த ஆள் அழுதுவிட்டார். மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தகரப் பெட்டிக்குள் சேர்த்து வைத்திருக்கிறார். ஊரில் அப்பாவுக்கும் இருமல், லீவில் போகும்போது துபாய் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. விசாரித்தால் கேம்பில் பாதிப்பேர் பெட்டியிலும் அப்படி ஒரு பொட்டலம் இருந்தது. ஊருக்குப் போகிற சென்ட் பாட்டிலுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் நடுவில் எங்கள் மருந்து. அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரையையும் எங்கள் முன்னாலேயே விழுங்க வேண்டும், அதற்காகத் தினம் ஒரு ஆள் கேம்புக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். தினம் போகிற அந்த ஆள் நான்தான். அவரைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் அந்த இருமல்காரர் பிழைத்தது அந்த மூன்றாவது கேள்வியால் என்பதை மறுக்க முடியாது.

அபுதாபியில் அவரோடு படித்த ஒரு டாக்டர் குடும்பத்தோடு இருந்தார். ஒரு தீபாவளிக்கு வரச்சொல்லி நான்கைந்து கடிதம் போட்டார். அனுமதி கேட்டு எழுதி, இரண்டு நாளைக்கு அனுமதியும் கைக்கு வந்துவிட்டது. வண்டியில் நானும் தொற்றிக்கொண்டு போய் ஒரு சினிமா பார்க்கலாம் என்று சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"திரும்பி வரும்போது வழியில ஏதாவது வாதியில தண்ணி வந்துட்டா?"

"மழையே இல்லையேங்க."

"மலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சிருந்தா? ரெண்டு நாள் மூணு நாளாயிட்டா?"

போகவில்லை. நானும் போகவில்லை. தேய்த்த சட்டையோடு உட்கார்ந்து கோதுமை மாவில் அவர் செய்த ஏதோ ஒரு பலகாரத்தைத் தின்றேன். மூன்றாம் வருடக் கடைசிவரை அந்த அம்மாள் கடலைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கிளினிக்கின் எல்லை என்று வெள்ளையடித்த இரண்டு பீப்பாய்கள் வாதியின் வாயில் நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் அவர் கால் படாது.

இதில் எனக்குச் சொல்லவே கஷ்டமாக இருப்பது நோயாளிகளை அனுப்புகிற விஷயம். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, திரும்பி வர மறுநாள் ஆகிவிடும் என்பதால் அவர் கூடப் போக முடியாது. பலூச்சி டிரைவரோடு சில சமயம் நான் போவேன், பெண்களாக இருந்தால் அவர்கள் வீட்டார் என்னை ஏற்றமாட்டார்கள். மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, பீப்பாய் வரைக்கும் வண்டியின் பின்னாலேயே நடந்துபோய், தூசி அடங்கும்வரை நிற்பார். இரண்டாம் வருடம் ஒரு மலைக்காரப் பெண்ணைப் பிரசவத்துக்கு அப்படி அனுப்பினோம். பாதி வழியில் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். டிரைவர் வந்து "கலாஸ், டாக்டர் சாப்" என்றார், முடிந்துபோயிற்று என்று கையை விரித்து. மறுநாள் டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"நான் கூடப் போயிருந்தாப் பொழைச்சிருப்பாளா?"

"போயிருந்தாலும் வழியில என்னங்க செய்ய முடியும்?"

"நிச்சயமா?"

அந்தத் தடவை நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

காலை ஏழு மணி வயர்லெஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினம் ஏழு மணிக்கு ஆபீஸிலிருந்து ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிடுவார்கள். "டாக்டர் ஹாஜிர்?" என்று இந்தியில் கேட்பார்கள். "ஹாஜிர்" என்று நான் சொல்ல வேண்டும். ஆபீஸ் பதிவேட்டில் ஆஜர் என்று ஒரு கோடு விழும். டாக்டரம்மாவின் வருடம் அந்தக் கோடுகளால் ஆனதுதான். அரை மணி நேரத்தில் ஆபீஸ் பெட்டியை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை யாரையும் கூப்பிட முடியாது. ஒரே அலைவரிசை என்பதால் கேம்புகளிலும் இது கேட்கும். டைம்கீப்பர்கள் காது கொடுத்து, இன்றைக்கு எந்தக் கிளினிக்கில் டாக்டர் இருக்கிறார் என்று சிலேட்டில் எழுதி வைப்பார்கள். வெடிவைக்கிற வேலை நடக்கிற இடத்தில் அந்தச் சிலேட்டுத்தான் எல்லாம்.

நான் பதில் சொல்லும்போது டாக்டரம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். சொல்லி முடித்ததும், "அவங்களுக்குக் கேட்டுச்சா?" என்பார்.

மூன்றாம் வருடம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. நான் எண்ணவில்லை, அவர்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும், கழுதைமேல் ஒரு பெண்ணைப் போட்டுக்கொண்டு ஒரு மலைக்காரர் வந்தார். அவர் மனைவி. இரண்டு நாளாக வலி, குழந்தை குறுக்கே கிடந்தது, ரத்தம் வேறு தொடங்கியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மாவின் முகம் வெளிறியிருந்தது.

"ஆபரேஷன் பண்ணணும். நான் கூடப் போகலைன்னா வழியிலேயே போயிடுவா."

"அனுமதி?" என்றேன்.

அனுமதிக்கு எழுதிப்போட வாராந்திர லாரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. வயர்லெஸ் பெட்டி செத்த மாதிரி கிடந்தது. டிரைவர் லேண்ட்ரோவரில் மெத்தையை விரித்துக்கொண்டிருந்தார். இருட்டில் யாரும் வாதியில் வண்டி ஓட்டமாட்டார்கள். இப்போது போனால் திரும்ப நாளைக்கு மத்தியானம் ஆகும். காலை ஏழு மணிக்கு அவர் இங்கே இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அன்றைக்கு அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பெட்டியை எடு என்றார், எடுத்தேன், சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டார். வண்டியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கம்பவுண்டர், காலையில வயர்லெஸ்ல கேட்டா..."

அந்தப் பெண் வண்டிக்குள் அலறினாள். டாக்டரம்மா உள்ளே பாய்ந்தார், அவள் கணவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கதவை அறைந்தார், வண்டி போய்விட்டது. வெள்ளைப் பீப்பாய்களைத் தாண்டி அது போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

காலையில் கேட்டால் என்ன? உள்ளதைச் சொல்லிவிடு என்பதா, வேறு ஏதாவதா? படுத்தால் தூக்கம் வரவில்லை. பாலக்கரை வீட்டை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதன் வாசலில் யாரோ நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரியே இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றப் போனதற்காகவா ஒரு மனுஷியிடமிருந்து ஒரு வருடத்தைப் பிடுங்குவார்கள் என்று ஆபீஸ்மேல் கோபம் கோபமாக வந்தது. ஏழு மணிக்குப் பெட்டி கரகரத்தது. "மலை கிளினிக். டாக்டர் ஹாஜிர்?"

"ஹாஜிர்" என்றேன்.

சொன்னதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் டீ போட்டுக் குடித்தேன், சர்க்கரைகூட ஒரு கரண்டி அதிகமாகப் போட்டேன்.

பத்தேகாலுக்குக் கேம்ப் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பின்னால் நான்கு பேர் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெடி வைத்த இடத்தில் பாறை சரிந்து வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. சிவகங்கைப் பக்கத்து ஆள், ஊரிலிருந்து வந்து எட்டு மாதம். டைம்கீப்பரே கூட வந்திருந்தார்.

"டாக்டரம்மாவக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

"டாக்டரம்மா இல்லீங்க."

"இல்லையா? எங்க போயிட்டாங்க?"

"நேத்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு... ஒரு பிரசவ கேசு..."

டைம்கீப்பர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னால் இருக்கிறது. "ஏன்யா, காலைல ஆஜர்னு சொன்னியே. என் காதால கேட்டேனே. சிலேட்டுல எழுதினேனே. நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நேரா அந்தப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருப்பேன்ல?"

தொடையில் கட்டுப் போட்டு இறுக்கினேன், வலிக்கு ஊசி போட்டேன், பாட்டில் ஏற்றினேன். கம்பவுண்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு கிளினிக்கைப் பூட்டிவிட்டு நானும் லாரியில் ஏறினேன். வந்த வழியே நாற்பது நிமிடம் கேம்புக்கு, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கத்துக் கிளினிக்குக்கு. கட்டைத் தளர்த்தினால் ரத்தம், தளர்த்தாவிட்டால் கால் கறுக்கிறது. வழியெல்லாம் அந்த ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "அண்ணே, காலு இருக்கும்ல? நடக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கும் என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

அங்கிருந்த டாக்டர் கட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடிபட்டு இவ்வளவு நேரமாச்சே. நேரா இங்க வராம எங்க சுத்தினீங்க?" என்றார். டைம்கீப்பர் என்னைப் பார்த்தார். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கிருந்து ஷார்ஜாவுக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துக் காலை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரத்துக்கு நான் திரும்பி வந்தபோது டாக்டரம்மா பூட்டிய கிளினிக்கின் படியில் உட்கார்ந்திருந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், பெண் குழந்தை என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதுவரை நான் பார்க்காத சிரிப்பு. பிறகு என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன், ஆஜர் என்று சொன்னதையும் சேர்த்து. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நிச்சயமா என்று ஒரு தடவையாவது கேட்கமாட்டாரா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் ஏழு மணிக்கு அவரே என் நாற்காலியில் உட்கார்ந்தார். "டாக்டர் ஹாஜிர்?" என்றதும் மைக்கை வாங்கி, ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். முந்தாநாள் மூன்று மணியிலிருந்து நேற்று மத்தியானம்வரை தான் இடத்தில் இல்லை என்றார். நேற்றுக் காலை ஆஜர் என்று சொன்னது தவறான பதில் என்றார். அதை நம்பித்தான் அடிபட்டவரை இங்கே கொண்டுவந்தார்கள் என்றார். "கம்பவுண்டர் அப்படிச் சொன்னது என் உத்தரவின்பேரில். பொறுப்பு என்னுடையது" என்று முடித்தார். எல்லாக் கேம்புகளிலும் கேட்டிருப்பார்கள்.

உத்தரவா? எந்த உத்தரவு? எனக்கு விசா போய்விடக்கூடாது என்று அவர் பொய் சொல்கிறார் என்று புரிந்தது. அந்த இடத்திலேயே காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழவில்லை, ஸ்டவ்வைப் பற்ற வைத்து ஊசியைக் கொதிக்கப் போட்டேன்.

அடுத்த லாரியில் ஆபீஸ் கடிதம் வந்தது. அந்த வருடம் கணக்கில் இல்லை. முதலிலிருந்து இன்னொரு வருடம் இருக்கலாம், அல்லது மூன்றாம் பங்கை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம். எனக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பாலக்கரைக்கு அவர் எழுதினார். பதிலில், ஒரு வருடம்தானே, அதனாலென்ன, வெயிலில் அலையாதே என்று இருந்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடத்தை அவர் இருந்து முடித்தார். எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல எனக்குத் திறமை போதாது. நிறையவே இளைத்துப்போனார். ஊசியையும் ஃப்ரிட்ஜையும் முன்பைவிட அதிகமாகச் சரிபார்த்தார். கூடப் போக வேண்டிய நோயாளி எவராவது வந்துவிடுவாரோ என்று வாதிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பார். யாரும் வரவில்லை. அந்தக் குழந்தையின் அப்பா மட்டும் ஒரு நாள் மலைத்தேன் ஒரு டப்பா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கால் போன ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். வழியெல்லாம் நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன், உங்களை மறக்கமாட்டேன் என்று. அதற்கு நான் பதில் எழுதவில்லை. இன்றுவரை எழுதவில்லை.

டாக்டரம்மா கிளம்புகிற அன்று முற்பகல், லாரியில் பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு வண்டியில ஏறும்போது நான் என்ன சொல்ல வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"எதுக்குங்க கேக்கணும்? உள்ளதச் சொல்லச் சொல்லியிருப்பீங்க. நாந்தான் புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். அதுக்கு நீங்க எனக்காகப் பொய் வேற சொன்னீங்க. அத நான் மறக்கமாட்டேங்க."

"எது பொய்?"

"உங்க உத்தரவுன்னு சொன்னீங்கள்ல, ஆபீஸ்ல."

அவர் கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "அது பொய் இல்ல கம்பவுண்டர். காலையில கேட்டா ஆஜர்னு சொல்லிடுங்கன்னுதான் சொல்ல வந்தேன். அந்தப் பொண்ணு கத்தினதுல பாதியிலேயே நின்னுபோச்சு. ஆனா நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த நாலு மணி நேரமும் அந்தத் தைரியத்துலதான் போனேன்."

லாரி கிளம்பிப் போயிற்று. எனக்கு முதலில் வந்தது கோபம், அந்தக் குற்றத்தை ஒரு வருடம் என்னைத் தனியாகச் சுமக்க விட்டுவிட்டாரே என்று. அது அரை நாளில் போய்விட்டது. ஒன்றும் சொல்லிக்கொள்ளாமலே அவரும் நானும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம். பத்தொன்பது நாளை நினைத்தோம், பாலக்கரை வீட்டை நினைத்தோம். அந்தப் பெட்டியைக் கேம்பிலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே நன்றாகத் தெரியும்.